கிரனாடாவில் ஒரு விடுமுறை நாள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு ஒப்புதலும் பெறப்பட்டுவிட்டன. கணக்கு முடிந்த பின் பயான் என்றால் பந்தலில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள் என்பது செயலாளர் அவர்களுக்குத் தெரியும். ஆகவே வழக்கமான தலைப்பு வேண்டாம், ஸ்பெயின் சென்று வந்த செய்தியைப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அதைப் பயணக் கதையாக மட்டும் பேச நம்மால் இயலவில்லை. நமது பள்ளியின் மிம்பரில் நின்று பல ஆண்டுகளாக நாம் சொல்லி வந்த சில செய்திகளைத் திருத்திச் சொல்ல வேண்டிய கடமையும் அதில் சேர்ந்திருக்கிறது. பொறுமையுடன் செவிமடுக்க வேண்டுகிறோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் மாட்ரிட் நகரில் பணியாற்றுகிறார். அவருடைய அழைப்பின் பேரில்தான் சென்றோம். அந்தலுஸ் மண்ணைக் காண வேண்டும் என்பது ஓதுகிற காலத்திலிருந்தே உள்ளத்தில் இருந்த ஆசை. இங்கே அமர்ந்திருக்கும் உலமாக்களுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. நஹ்வுக்காக இரவெல்லாம் கண் விழித்து மனனம் செய்தோமே, அந்த அல்ஃபிய்யாவை இயற்றிய இமாம் இப்னு மாலிக் அவர்கள், கிரனாடாவுக்கு வடக்கே இருக்கும் ஜய்யான் நகரில் பிறந்தவர்கள். ஹிஜ்ரி 672ல் திமிஷ்கில் வஃபாத்தானார்கள். தஃப்ஸீருக்காக நாம் புரட்டும் இமாம் குர்துபீ அவர்கள் கொர்தோபா நகரத்தார். அல்பஹ்ருல் முஹீத் எழுதிய அபூஹய்யான் அவர்கள் கிரனாடாவில் பிறந்து காஹிராவில் அடங்கியவர்கள். முவாஃபகாத் என்னும் உஸூல் நூலை எழுதிய அபூ இஸ்ஹாக் ஷாத்திபீ அவர்கள் ஹிஜ்ரி 790ல் அதே கிரனாடாவில் வஃபாத்தானார்கள். அந்த ஊர்களைக் கண்ணால் காண்பதற்கு வெகு காலம் முன்பே அவற்றின் பெயர்களோடு நாம் வாழ்ந்திருக்கிறோம்.

2024 ஜனவரி முதல் நாள் மாட்ரிடிலிருந்து பேருந்தில் புறப்பட்டு, ஐந்து மணி நேரப் பயணத்துக்குப் பின் இரவில் கிரனாடா சேர்ந்தோம். நாங்கள் மூவர். அழைத்த சகோதரர், அங்கே மேற்படிப்புப் படிக்கும் நம் மஹல்லா இளைஞர், அடுத்து நாம். மறுநாள் ஸுப்ஹு தொழுதுவிட்டு வெளிச்சம் வந்ததும் தேநீர் அருந்தலாம் என்று வீதிக்கு வந்தால், கடைகள் அடைத்துக் கிடந்தன. குளிர் எலும்பைத் தொட்டது. புத்தாண்டு விடுமுறை நேற்றோடு முடிந்துவிட்டதே, இன்று செவ்வாய்க்கிழமை எதற்காகக் கடையடைப்பு என்று விடுதிக்காரரிடம் கேட்டோம். அவர் ஒரே சொல்லில் "தோமா" என்றார். கைப்பற்றிய நாள் என்று பொருள். ஸ்பெயின் முழுமைக்கும் உரிய விடுமுறை அன்று அது. கிரனாடா நகரத்துக்கு மட்டுமே உரிய விடுமுறை.

அப்போதுதான் தேதி நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 897 ரபீஉல் அவ்வல் பிறை 2, கி.பி. 1492 ஜனவரி 2. பனூ நஸ்ர் வம்சத்தின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் முஹம்மது அவர்கள் கிரனாடாவின் சாவிகளை அரசர் பெர்டினாண்டிடமும் அரசி இஸபெல்லாவிடமும் ஒப்படைத்த நாள். எந்த நாளைப் பற்றி நாம் இங்கே கண் கலங்கப் பயான் செய்து வந்தோமோ, அந்த நாள் அவ்வூராருக்குத் திருநாள். அதே நாளில், திட்டமிடாமல், அந்த ஊரின் நடுவே தேநீருக்குக் கடை தேடிக்கொண்டிருந்தோம்.

முதலில் மதரஸாவைப் பார்க்க வேண்டும் என்றோம். சுல்தான் முதலாம் யூசுஃப் அவர்கள் 1349ல் கட்டிய மதரஸா அது. நகரின் பெரிய பள்ளிவாசலுக்கு எதிரே அமைந்திருந்தது. இன்று அந்தப் பள்ளிவாசல் இருந்த இடத்தில் தேவாலயம் நிற்கிறது. அதை ஒட்டித்தான் பெர்டினாண்டும் இஸபெல்லாவும் அடக்கமாகியிருக்கும் அரச சிற்றாலயமும் இருக்கிறது. எதிர்ப்புறம் மதரஸா. இடையே ஒரு குறுகிய சந்து. மதரஸாவின் வெளிப்புறத்தில் நமக்குத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. வெற்றிக்குப் பின் அதை நகர சபைக் கட்டடமாக ஆக்கிக்கொண்டார்கள். முகப்பும் பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டது. தற்போது அது கிரனாடா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. விடுமுறை நாளாதலால் கதவு பூட்டியிருந்தது. ஓதிய ஒருவன் கடல் கடந்து ஒரு மதரஸாவின் வாசலுக்கு வந்து, பூட்டிய கதவில் கை வைத்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை உலமாக்கள் உணர்வார்கள். (மறுநாள் திறந்தார்கள். உள்ளே பழைய தொழுமிடமும் மிஹ்ராபும் எஞ்சியிருக்கின்றன. மிஹ்ராபைச் சுற்றிலும் அரபு எழுத்துகள். பார்வையாளர்கள் வரிசையில் நின்றிருந்ததால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.)

கதவருகே நின்றிருந்தபோது மேளச் சத்தம் கேட்டது. நகர சபையிலிருந்து ஊர்வலம் வந்தது. பழங்கால உடை தரித்தவர்கள், இராணுவத்தினர், சபை உறுப்பினர்கள், கொடி. எல்லாரும் எதிரே இருந்த அரச சிற்றாலயத்துக்குள் சென்றார்கள். மறுநாள் நாங்களும் உள்ளே சென்று பார்த்தோம். பளிங்குக் கல்லில் அரசர் அரசியின் படுத்த உருவங்கள். கீழே நிலவறையில் வேலைப்பாடு இல்லாத ஈயப் பெட்டிகள். முஹம்மதியக் கூட்டத்தை வீழ்த்தியவர்கள் என்று அவர்களைப் புகழும் இலத்தீன் வாசகமும் அங்கே உண்டு. இத்தனை மன்னர்களின் அடக்கத்தலங்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஈயப் பெட்டியின் எளிமை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

நண்பகல் நெருங்கும்போது மக்கள் கூட்டம் நகர சபையின் முன்னுள்ள கார்மென் சதுக்கத்தை நோக்கி நகர்ந்தது. நாங்களும் சென்றோம். சென்றிருக்க வேண்டியதில்லை என்று இன்று தோன்றுகிறது. ஆனால் சென்றோம். சபையின் மாடத்தில், உறுப்பினர்களில் வயதில் இளையவர் கொடியைப் பிடித்து அசைத்து, "கிரனாடா!" என்று உரக்க அழைக்க வேண்டும். கீழே நிற்கும் மக்கள், "கே!" என்று பதில் முழக்கமிட வேண்டும். அதற்கு "என்ன?" என்று பொருள். ஓர் ஊரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், ஊர் என்ன என்று கேட்கிறது. மூன்று முறை இவ்வாறு நடக்கிறது. பின்னர் வாழ்த்து முழக்கங்கள்.

அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஒரே எண்ணம் உடையவர்கள் அல்லர். சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் பதாகைகளோடு எதிர்ப்பாளர்கள் நின்றார்கள். பிற மக்களை வென்று வெளியேற்றியதை விழாவாகக் கொண்டாடக் கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. அவர்கள் முஸ்லிம்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அவ்வூர்க் கிறித்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களே. சுதந்திரக் கொள்கைக்காக 1831 மே 26ல் கிரனாடாவில் மரண தண்டனைக்கு ஆளான மரியானா பினேதா என்ற பெண்மணியின் நாளை நகரின் திருநாளாக ஆக்குங்கள் என்று அவர்களில் பலர் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். மறுபக்கத்தில் தேசியக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றவர்கள். இரு தரப்புக்கும் நடுவே காவலர்கள். கூச்சல் கடுமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை "கே!" என்ற முழக்கம் எழுந்தபோது, நம்மோடு வந்த இளைஞர் நிமிர்ந்து மூச்சை இழுத்தார். முகம் சிவந்திருந்தது. என்ன செய்யப் போகிறார் என்பது நமக்கு விளங்கிவிட்டது. தக்பீர் முழங்கப் போகிறார். அந்த நெரிசலில், குழந்தைகளைத் தோளில் சுமந்து நிற்கும் மக்களிடையே, அந்தச் சொல்லை உரத்து முழங்கினால் என்ன நடக்கும் என்பதை இன்றைய உலகம் அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவரது மணிக்கட்டை இறுகப் பிடித்து, மறு கையால் வாயையும் பொத்தினோம். நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆலிம், இறைவனின் பெயரைச் சொல்ல வந்த ஒரு வாலிபனின் வாயைப் பொத்தியது அல்லாஹ்வுக்குத் தெரியும். அவனிடமே அதற்குப் பொறுப்புத் தேடிக்கொள்கிறோம்.

கூட்டத்திலிருந்து வெளியே இழுத்து வந்தோம். சில நிமிட நடையில் ஒரு பெரிய சதுக்கம் இருக்கிறது. பாபுர் ரம்லா, மணல் வாசல், என்று நம்மவர்கள் வைத்த பெயரை அவர்கள் பிப்ரம்ப்லா என்று இன்றும் அழைக்கிறார்கள். பூ விற்கும் இடம். அன்று விடுமுறை. ஒரு கல்லிருக்கையில் அமர்ந்தோம்.

"தக்பீர் சொல்வது தவறா ஹஜ்ரத்?" என்றார் இளைஞர். குரல் நடுங்கியது.

"தம்பி, அல்லாஹ் பெரியவன் என்று சொல்ல நீ வாய் திறந்தாயா, அவர்களை அஞ்ச வைக்கத் திறந்தாயா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்ன சொல்தான் இன்று வரை நம்மை விடவில்லை. "சின்ன வயதிலிருந்து இந்த நாளைப் பற்றி ஜும்ஆவில் சொல்லி எங்களை அழ வைத்தது நீங்கள்தானே ஹஜ்ரத்!"

உண்மைதான். அந்தக் கோபத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது நாம்தான். பாதி வரலாற்றைச் சொல்லி, மீதியை விட்டுவிட்டுக் கொடுத்திருந்தோம். அந்தக் கல்லிருக்கையில் அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறோம்.

எண்ணூறு ஆண்டுகள் ஸ்பெயினை ஆண்டோம் என்று பல முறை முழங்கியிருக்கிறோம். 711 முதல் 1492 வரை 781 ஆண்டுகள் என்பது கணக்கு. ஆனால் துலைத்துலா நகர் 1085லேயே போய்விட்டது. கொர்தோபா 1236ல் போனது. செவில் 1248ல் போனது. கடைசி இரண்டரை நூற்றாண்டுகள் கிரனாடா மட்டுமே எஞ்சி நின்றது. செவில் நகரை கஸ்தீலிய அரசர் முற்றுகையிட்டபோது அவருக்குப் படை கொடுத்து உதவியவர் யார் தெரியுமா? அல்ஹம்ராவைக் கட்டத் தொடங்கிய கிரனாடாவின் முதல் சுல்தான் இப்னுல் அஹ்மர்தான். கப்பம் கட்டும் உடன்படிக்கையின்படி அவர் அதைச் செய்ய வேண்டியிருந்தது. இதை நாம் எந்த ஜும்ஆவிலும் சொன்னதில்லை. கடைசிக் காலமும் அவ்வாறே. தந்தை அபுல் ஹஸன் ஒரு பக்கம், மகன் அபூ அப்தில்லாஹ் ஒரு பக்கம், சிறிய தந்தை அஸ்ஸகல் ஒரு பக்கம். 1483ல் மகன் எதிரிகளிடம் சிறைப்பட்டு, அவர்களுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டு விடுதலையானார். 1487ல் மாலகா நகரம் பட்டினியில் வீழ்ந்து அதன் மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டபோதும் இந்தச் சண்டை ஓயவில்லை. ஒரே பள்ளிவாசலுக்கு இரண்டு நிர்வாகம் அமைத்து, சாவியைத் தாசில்தார் கையில் கொடுத்த ஊர்களை இங்கே இருப்பவர்கள் அறிவீர்கள். அதற்கு மேல் இதை நாம் விரிக்கப் போவதில்லை.

மலைக் கணவாயில் நின்று சுல்தான் அழுததாகவும் தாயார் கடிந்துகொண்டதாகவும் ஒரு கதை உண்டு. அதையும் உருக்கமாகச் சொல்லியிருக்கிறோம். அது பிற்காலத்தில் எழுந்த கதை என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்தத் தாயாரிடம் நாமும் மன்னிப்புக் கோர வேண்டும்.

உண்மையில் அழ வேண்டிய இடம் வேறு. கிரனாடா நகரம் அன்று போரில் உடைக்கப்படவில்லை, உடன்படிக்கையால் கொடுக்கப்பட்டது. 1491 நவம்பர் 25ல் அந்த உடன்படிக்கை எழுதப்பட்டது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு. பள்ளிவாசல்களும் வக்ஃபுகளும் முஸ்லிம்களிடமே இருக்கும். அவர்களின் வழக்குகளை அவர்களின் காழிகளே ஷரீஅத்தின்படி தீர்ப்பார்கள். எவரையும் மதம் மாறுமாறு கட்டாயப்படுத்தலாகாது. வெளியேற விரும்புவோருக்குக் கப்பல் கொடுக்கப்படும். இவ்வாறு தெளிவாக எழுதி அரசரும் அரசியும் கையொப்பமிட்டார்கள். எட்டே ஆண்டுகள். 1499ல் கார்டினல் சிஸ்நெரோஸ் வந்து கட்டாய ஞானஸ்நானத்தைத் தொடங்கினார். மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ந்தீர்கள், ஆகவே உடன்படிக்கை செல்லாது என்றார்கள். 1502 முடிவதற்குள் கஸ்தீலிய ஆட்சிப் பகுதி முழுவதிலும் ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம் என்ற நிலை வந்தது. நாங்கள் அமர்ந்திருந்த அந்தப் பூச்சதுக்கத்தில்தான் அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்களை மட்டும் ஒதுக்கி எடுத்துக்கொண்டார்கள். எத்தனை நூல்கள்? பத்து லட்சம் என்று மிம்பரில் உறுதியாகச் சொல்லியிருக்கிறோம். ஐயாயிரம் என்று எழுதியவர்களும் உளர், பத்து லட்சத்துக்கும் மேல் என்று எழுதியவர்களும் உளர். ஒரு நூல் எரிந்தாலும் எரித்தவன் எரித்தவனே. இதற்கு எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை.

அவர்களிலும் சொல் காத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைத்திருந்தோம். கிரனாடாவின் முதல் பேராயர் தலவெரா, கட்டாயம் கூடாது என்று இருந்தவர். தம் பாதிரிமார்களை அரபு மொழி கற்கச் சொன்னவர். அல்பைசின் மக்கள் கிளர்ந்தபோது, ஆயுதமின்றி அவர்களிடையே சென்று பேசினார். ஆளுநரான தெந்தில்யா பிரபு, தம் வாக்குறுதிக்குப் பிணையாகத் தம் மனைவியையும் குழந்தைகளையும் முஸ்லிம்கள் நடுவே குடிவைத்தார். மக்கள் அந்தப் பிணைக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பேராயர் தலவெரா பின்னாளில் தம் சொந்த மதத்தாரின் விசாரணைக்கே ஆளானார். இன்னொன்று: 1492 மார்ச் 31ல், அதே அல்ஹம்ராவில் அமர்ந்துதான் யூதர்கள் அனைவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணையில் கையொப்பமிட்டார்கள். நம் துயரத்தைப் பேசும்போது அவர்களின் துயரத்தை நாம் ஒரு வரி கூடப் பேசியதில்லை. மாயிதா சூராவின் தொடக்கத்திலேயே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்லாஹ் நமக்கு ஏவுகிறான். நகரம் போனதை விட, எழுதிக் கொடுத்த வாக்கு போனதுதான் அந்த நாளின் பெருங்கேடு என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னோம். அவர் தலை குனிந்து கேட்டார். ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். வாலிபர்கள் உடனே ஒப்புக்கொள்வதில்லை. நாமும் அந்த வயதில் ஒப்புக்கொண்டதில்லை.

ளுஹருக்கு நேரமாகிவிட்டது. அங்கே குளிர்காலத்தில் பகல் ஒன்றேகால் மணிக்குப் பிறகுதான் சூரியன் உச்சி சாய்கிறது. அல்பைசின் என்பது முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு. அல்ஹம்ராவுக்கு எதிர்க் குன்று. ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டிய சந்துகள், வெள்ளைச் சுவர்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது. வழியெங்கும் தேவாலயங்கள், பல, பள்ளிவாசல்கள் நின்ற இடத்தில் எழுந்தவை. ஸல்வதோர் தேவாலயத்தில் பழைய பள்ளியின் முற்றம் இன்றும் அப்படியே இருக்கிறது. உச்சியில், சான் நிகோலாஸ் தேவாலயத்தின் அருகிலேயே, கிரனாடா பெரிய பள்ளிவாசல். 2003 ஜூலை 10ல் திறக்கப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்நகரில் எழுந்த முதல் புதிய பள்ளி. இடத்தை வாங்கியதற்கும் கதவைத் திறந்ததற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அண்டை வீட்டாரின் எதிர்ப்பு, அனுமதி, நிதி என்று தடைகள். கட்டியவர்கள் அரபிகள் அல்லர், இஸ்லாத்தை ஏற்ற ஸ்பெயின்காரர்கள். சிறிய பள்ளிதான், நம் பள்ளியை விடப் பெரிதென்று சொல்ல முடியாது. தோட்டத்தின் கதவை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். எதிரே அல்ஹம்ரா, அதன் பின்னே சியர்ரா நெவாதா மலை.

தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் எங்களோடு அமர்ந்தார். எழுபது வயதைக் கடந்தவர், அவ்வூரிலேயே பிறந்தவர், இளமையில் இஸ்லாத்தை ஏற்றவர். சதுக்கத்தில் நடந்ததைச் சகோதரர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்துச் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டார். "நானும் அந்தச் சதுக்கத்தில் 'கே' என்று கத்தியவன்தான். என் தந்தையின் தோளில் அமர்ந்து கத்தினேன். கத்தினால் மிட்டாய் வாங்கித் தருவார்" என்றார். இப்போது அந்த நாளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். தொழுகிறேன், பிறகு மதிய உணவுக்குச் சகோதரி வீட்டுக்குப் போவேன், இன்று அவளே இங்கு வருகிறாள் என்றார். சகோதரி ஆண்டு தவறாமல் ஊர்வலத்தில் செல்பவராம். இருவரும் அதைப் பற்றி விவாதிப்பதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டதாம்.

அந்தத் தோட்டத்தில் அமர்ந்து இரண்டு ஃபத்வாக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நமக்கு இது மிக முக்கியமான செய்தி. கிரனாடா வீழ்ந்த காலத்தில், மொராக்கோவின் ஃபாஸ் நகரில் இமாம் வன்ஷரீஸீ அவர்கள் இருந்தார்கள். மாலிகீ மத்ஹபின் பெரும் ஃபத்வாத் தொகுப்பான மிஃயாரைத் தந்த மேதை. சில அந்தலுஸ் மக்கள் ஹிஜ்ரத் செய்து அங்கே வந்து, பிழைக்க வழியின்றி, ஏன் வந்தோம் என்று புலம்பினார்கள். அவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது இமாம் அவர்கள் கடுமையாகத் தீர்ப்பளித்தார்கள். சக்தியுள்ளவர் அங்கே தங்குவது கூடாது, வந்தவர் திரும்பிப் போக எண்ணுவதும் பாவம் என்றார்கள். நூல்களின்படி அவர்களின் ஆதாரங்கள் வலுவானவையே.

1504ல், ஹிஜ்ரி 910ல், வஹ்ரானீ என்று அறியப்பட்ட முஃப்தி அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ அவர்கள் வேறு ஒரு கடிதம் எழுதினார்கள். கட்டாய ஞானஸ்நானத்துக்குப் பின் வெளியேறவும் முடியாமல் தங்கிவிட்டவர்களுக்கு எழுதினார்கள். ஏன் தங்கினீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தொழ விடவில்லையா, சைகையால் தொழுங்கள். பகலில் முடியாவிட்டால் இரவில் நிறைவேற்றுங்கள். தண்ணீரைத் தொட விடவில்லையா, சுவரைத் தொட்டாவது தயம்மும் செய்யுங்கள். அவர்களுடைய சிலையின் முன் குனிய வைத்தால், உள்ளத்தில் அல்லாஹ்வுக்கென்று நிய்யத் வைத்துக் குனியுங்கள். மதுவைப் புகட்டினால், வெறுப்போடு, விருப்பமின்றி விழுங்குங்கள். இவ்வாறு ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். அந்தக் கடிதத்தை மக்கள் நூறாண்டு காலம் மறைத்து வைத்துப் படித்தார்கள். படித்த மொழி அரபு அன்று. அரபு எழுத்தில் எழுதப்பட்ட ஸ்பானிய மொழி. அல்ஹமியாதோ என்று அதற்குப் பெயர். நம் பாட்டிமார்கள் தலாக்கும் தொழுகையும் படித்த அரபுத்தமிழ் எப்படியோ, அப்படியே அது. வீட்டின் அடித்தளத்திலும் சுவரிலும் ஒளித்து வைத்துப் போனார்கள். 1884ல் அரகோன் பகுதியில் அல்மொனஸித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அத்தகைய ஏடுகள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றை எடுக்கத் திரும்பவில்லை. 1609 முதல் 1614 வரை, ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தும் நாடு கடத்தப்பட்டார்கள்.

ஓதிய காலத்தில் யாராவது கேட்டிருந்தால் இமாம் வன்ஷரீஸீ பக்கமே நின்றிருப்போம். அன்று அந்தத் தோட்டத்தில் நம்மால் அவ்வாறு நிற்க இயலவில்லை. ஃபாஸ் நகரில் பாதுகாப்பாக அமர்ந்து எழுதுவது ஒன்று. பக்கத்து வீட்டார் கதவிடுக்கில் காது வைத்திருக்க, சைகையால் ருகூஉ செய்வது இன்னொன்று. நம்மிடம் மஸ்அலா கேட்க வருகிறவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பதை முதலில் விசாரிக்காமல் இனி பதில் சொல்லக் கூடாது என்று அன்றே நிய்யத் செய்துகொண்டோம்.

இடையிடையே எதிர்க் குன்றிலிருந்து மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அல்ஹம்ராவின் காவற்கோபுரத்தில் தொங்கும் பெரிய மணி. அந்த ஒரு நாள் மட்டும் யார் வேண்டுமானாலும் ஏறி அடிக்கலாம். மணமாகாத பெண் அன்று அடித்தால் ஆண்டு முடிவதற்குள் வரன் அமையும் என்பது அவ்வூரார் நம்பிக்கையாம். தாய்மார்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்களாம். திரைக்கு அப்பாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பெண்ணைப் பெற்ற தாயின் கவலைக்கு ஊரும் இல்லை, மதமும் இல்லை. அதே கோட்டையின் சுவர்களிலோ, எண்ணி முடிக்க முடியாத இடங்களில், வலா காலிப இல்லல்லாஹ் என்று பொறித்திருக்கிறது. வெற்றியாளன் அல்லாஹ் ஒருவனே என்பது பனூ நஸ்ர் அரசர்களின் முத்திரை வாசகம். மறுநாள் அங்கே அதை நாம் வாய்விட்டு வாசித்தபோது, அருகே நின்ற ஒரு குடும்பத்தார் பொருள் கேட்டார்கள். சொன்னோம். தோற்றவர்கள் எழுதியதா, வென்றவர்கள் எழுதியதா என்று அவர்களின் சிறுமி கேட்டாள். தோற்பதற்கு முன் எழுதியது என்றார் நம் இளைஞர், நமக்கு முந்திக்கொண்டு.

அன்றைய தினத்துக்கே திரும்புகிறோம். அஸருக்கு நேரமானது. அந்தப் பள்ளியில் பாங்குக்கு ஒலிபெருக்கி இல்லை. முஅத்தின் மினாராவில் ஏறி, வெறும் குரலில் சொன்னார். எதிரே மணி அடித்துக்கொண்டிருக்க, அல்லாஹு அக்பர் என்ற குரல் சந்துகளின் மேலாக மெல்லப் பரவிச் சென்றது. இளைஞர் தோட்டத்துச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு வாசகத்துக்கும் தணிந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். மேலங்கியில் சிறிய கொடி குத்தியிருந்தது. கையில் ஓர் அட்டைப் பெட்டி. பாங்கு முடியும் வரை படியிலேயே நின்றிருந்துவிட்டுப் பிறகு உள்ளே வந்தார். பெரியவரின் சகோதரி. ஊர்வலத்திலிருந்து வீட்டுக்குச் சென்று, பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக ஏறி வந்திருக்கிறார். பெட்டியில் மந்தேகாதோ எனப்படும் பண்டிகைப் பலகாரம். அதைப் பன்றிக் கொழுப்பில் செய்வதுதான் அவர்கள் வழக்கம். மூதாட்டி பெட்டியைத் திறந்து முதலில் நம் இளைஞரிடம் நீட்டி, ஏதோ சொன்னார். இளைஞர் எங்களைப் பார்த்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டோம்.

சகோதரர் மொழிபெயர்த்தார்: "தம்பிக்காக நாற்பது வருடமாக ஒலிவ எண்ணெயில்தான் செய்கிறேன், தயங்காமல் எடுத்துக்கொள் என்கிறார்."

எடுத்துக்கொண்டார். நாமும் எடுத்துக்கொண்டோம். ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லப்பட்டது.